கடைசிக் கஞ்சிக்கு யார் பொறுப்பு?

இரண்டோடு நிறுத்தச் சொன்னது அரசு. அதைக் கேட்டு நடந்த தலைமுறைக்கு இப்போது அறுபது வயது. ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் பிள்ளைக்கும் பென்ஷனுக்கும் நடுவே ஓடிக்கொண்டிருக்கும் ஒரு வாழ்க்கைக் கணக்கு.

காலை எட்டு மணி. ஸ்ரீவில்லிபுத்தூரில், ஆண்டாள் கோயில் கோபுரம் தெரிகிற ஒரு தெரு. திண்ணையில் கையடக்க மிஷினோடு உட்கார்ந்திருக்கிறார் வங்கி முகவர். முதியோர் பணம் வந்துவிட்டது என்று தெரிந்ததும் ஒவ்வொருவராக வந்து சேர்கிறார்கள், பெரும்பாலும் பெண்கள். கையில் மஞ்சள் பை, பைக்குள் பாஸ்புக், ஆதார் அட்டை.

“ரேகை விழலையே ஆத்தா. இன்னொரு விரல வைங்க.”

அந்த அம்மா கட்டைவிரலைச் சேலைத் தலைப்பில் அழுத்தித் துடைத்து மறுபடி வைக்கிறார். மூன்றாவது தடவையும் மிஷின் ஏற்கவில்லை. தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடுக்கிய விரல்கள், பிறகு பேண்டேஜ் துணி சுற்றிய விரல்கள். முப்பது வருட வேலையில் ரேகை தேய்ந்துவிட்டது. கடைசியில் இடது கை மோதிரவிரல் கைகொடுத்தது. இரண்டு ஐந்நூறு, இரண்டு நூறு. ஒருமுறைக்கு இருமுறை எண்ணி முந்தானையில் முடிந்துகொண்டார்.

எத்தனை பிள்ளைகள் என்று கேட்டேன்.

“ரெண்டுய்யா. மக கோயம்புத்தூர்ல, மவன் திருப்பூர்ல. ரெண்டும் நல்ல பிள்ளைகதான். அதுகளுக்கே அங்கன வாடக குடுத்து மாளல. ரெண்டு போதும்னு ஆஸ்பத்திரில சொன்னாக, ஆபரேஷன் பண்ணிக்கிட்டேன்.” கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். “மூணாவதா ஒண்ணு இருந்திருந்தா, அதாவது பக்கத்துல கெடந்திருக்குமோன்னு சில நாள் ராத்திரி தோணும்.”

அவர் சொன்ன இந்தக் கடைசி வாக்கியத்தைப் பொருளாதார அறிஞர்கள் பல பத்தாண்டுகளாக ஆராய்ந்து வருகிறார்கள். முதுமையில் சோறு போட அரசு இருந்தால், மக்கள் குறைவாகப் பிள்ளை பெறுவார்களா? அரசு இல்லை என்றால், பிள்ளைகளையே பென்ஷனாக நினைத்துக் கூடுதலாகப் பெறுவார்களா? உலகின் பல நாடுகளில் இதற்குக் கிடைத்த பதில் ‘ஆம்’. நம் ஊரில் கதை வேறு மாதிரி நடந்தது. பென்ஷன் வருவதற்கு முன்பே நாம் குடும்பத்தைச் சுருக்கிக்கொண்டோம்.

ஒரே தெரு, மூன்று முதுமை

ராஜபாளையத்தில் ஏதாவது ஒரு பழைய தெருவை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று வீட்டில் மூன்று முதியவர்கள் இருப்பார்கள். மூவருக்கும் மூன்று விதமான முதுமை.

முதல் வீட்டில் ஓய்வுபெற்ற அரசுப் பள்ளி ஆசிரியர். 2003 ஏப்ரல் 1க்கு முன் பணியில் சேர்ந்தவர் என்பதால் பழைய ஓய்வூதியம். முழுப் பணிக்காலம் முடித்து, கடைசி அடிப்படைச் சம்பளம் 60,000 ரூபாய் என்றால் பென்ஷன் 30,000; அதன் மேல் அகவிலைப்படி. விலைவாசி ஏறினால் பென்ஷனும் ஏறும். அவருக்குப் பின் மனைவிக்குக் குடும்ப ஓய்வூதியம் உண்டு. பிள்ளைகள் பணம் அனுப்பாவிட்டாலும் அந்த வீட்டில் உலை கொதிக்கும். பல வீடுகளில் பணம் போகும் திசையே வேறு: தாத்தாவின் பென்ஷனில் பேரனின் காலேஜ் பீஸ் கட்டப்படுகிறது.

இரண்டாவது வீட்டில் நூற்பாலைத் தொழிலாளி. 1936இல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்லைத் தொடங்கியதிலிருந்து இந்த ஊரின் கடிகாரமே மில் சங்குதான். பி.எஃப். பிடித்த தொழிலாளிக்கு 1995 நவம்பரில் வந்த தொழிலாளர் ஓய்வூதியத் திட்டத்தின்படி 58 வயதில் பென்ஷன் கிடைக்கும். குறைந்தது பத்தாண்டு வேலை பார்த்திருக்க வேண்டும். கணக்கு எளிது: சராசரிச் சம்பளத்தை வேலை பார்த்த ஆண்டுகளால் பெருக்கி, 70ஆல் வகுக்க வேண்டும். 9,000 ரூபாய் சம்பளத்தில் 15 ஆண்டு உழைத்தவருக்கு மாதம் 1,928 ரூபாய். இதற்கு அகவிலைப்படி கிடையாது. வாங்கத் தொடங்கிய அன்று என்ன தொகையோ, வீட்டில் மளிகைச் செலவு இரண்டு மடங்கான பிறகும் அதே தொகைதான். குறைந்தபட்ச பென்ஷன் 1,000 ரூபாய் என்று 2014 செப்டம்பரில் நிர்ணயித்தார்கள். அந்த ஆயிரத்துக்காக, ‘நான் உயிரோடு இருக்கிறேன்’ என்று வருடம் தவறாமல் சான்று கொடுக்க வேண்டும்.

மூன்றாவது வீட்டில் இருப்பவர் சத்திரப்பட்டியிலோ சமுசிகாபுரத்திலோ விசைத்தறியில் பேண்டேஜ் துணி நெய்தவர், அல்லது கட்டட வேலைக்குச் சித்தாளாகப் போனவர். ஆஸ்பத்திரிகளில் காயத்துக்குக் கட்டும் துணி இந்தப் பக்கத்திலிருந்து வெளிநாடுவரை போகிறது. அதை நெய்தவர்களில் எத்தனையோ பேருக்குப் பி.எஃப். சீட்டு என்ற ஒன்று இருந்ததே இல்லை. நெய்த அளவுக்குக் கூலி, அவ்வளவுதான். அவர்களுக்கு மிஞ்சுவது ஓ.ஏ.பி. என்று எல்லோரும் சொல்லும் முதியோர் உதவித்தொகை. 2023 ஆகஸ்டில் 1,000 ரூபாயிலிருந்து 1,200 ஆக உயர்ந்தது. நாளுக்கு 40 ரூபாய்.

முதல் வீட்டுக்காரருக்குப் பிள்ளை என்பது பாசம். போன் வந்தால் சந்தோஷம், வராவிட்டால் வருத்தம். மூன்றாம் வீட்டுக்காரருக்குப் பிள்ளை என்பது பாசமும்தான், மாத மளிகையும்தான். மகனின் மணியார்டர், இப்போது ஜிபே, ஒரு மாதம் தவறினால் மாத்திரை தவறும். பிள்ளை பெறுவதைப் பற்றி இந்த இரண்டு வீடுகளும் ஒரே மாதிரி யோசித்திருக்க முடியாது.

தீப்பெட்டி ஆபீஸ் பஸ்

இந்த மாவட்டத்தில் ஒரு காலத்தில் பிள்ளைகள் முதுமைக்கு மட்டும் காப்பாக இருக்கவில்லை. எட்டு வயதிலேயே சம்பாதித்தார்கள். சிவகாசி, சாத்தூர் சுற்றுவட்டாரத் தீப்பெட்டி, பட்டாசு ஆலைகளின் பஸ்கள் விடிவதற்கு முன்பே கிராமங்களுக்கு வந்து தூக்கக் கலக்கத்தில் இருக்கும் குழந்தைகளை ஏற்றிக்கொண்டு போன காலம் அது. நாற்பது தாண்டிய எவரைக் கேட்டாலும் அந்த பஸ்ஸின் ஹாரன் நினைவிருக்கும். நான்கு பிள்ளை இருந்த வீட்டில் நான்கு கூலி வந்தது. அம்மாவும் அப்பாவும் தளர்ந்துபோகும்போது அந்த நால்வரில் ஒருவராவது பக்கத்தில் இருப்பார். பிள்ளை பெறுவது ஏழைக் குடும்பத்துக்கு வரவுக் கணக்காக இருந்தது.

ஆஸ்திரேலிய மக்கள்தொகை அறிஞர் ஜான் கால்டுவெல் 1976இல் இதை ஒரு கோட்பாடாகவே எழுதினார். ஆப்பிரிக்காவில் நெடுங்காலம் ஆய்வு செய்தவர், பிறகு கர்நாடகத்துக் கிராமங்களிலும் ஆய்வு செய்தவர். செல்வம் பிள்ளைகளிடமிருந்து பெற்றோருக்குப் பாயும்வரை குடும்பங்கள் பெரிதாகவே இருக்கும்; பெற்றோரிடமிருந்து பிள்ளைகளுக்குப் பாயத் தொடங்கிய நாளில் குடும்பம் சுருங்கும் என்பது அவர் வாதம்.

விருதுநகர் மாவட்டம் அந்தத் திருப்பத்தைக் கண் முன்னே பார்த்தது. 1986இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. 1996 டிசம்பர் 10 அன்று, சிவகாசி ஆலைகள் குறித்த எம்.சி. மேத்தா வழக்கில், அபாயத் தொழிலில் வைத்திருக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இதே மாவட்டத்தில் பிறந்த காமராசர் 1956இல் விரிவாக்கிய மதிய உணவும், 1982இல் எம்.ஜி.ஆர். கொண்டுவந்த சத்துணவும் குழந்தைகளை வகுப்பறையில் உட்கார வைத்தன. பஸ் நின்றது; மெல்ல மெல்ல அதன் இடத்தில் பள்ளிக்கூட வேன் வந்தது. வேனுக்கு மாதக் கட்டணம் உண்டு. டியூஷன், யூனிஃபார்ம், பாலிடெக்னிக், நர்சிங் காலேஜ் என்று வரவாக இருந்த பிள்ளை செலவானது. அந்தச் செலவை நான்கு பேருக்குச் செய்ய முடியாது என்று அம்மாக்களுக்குப் புரிந்தது. பிறந்த குழந்தை பிழைக்கும் என்ற நம்பிக்கையும் வந்திருந்தது. முன்பு இரண்டு தங்குவதற்காக நான்கு பெற்றார்கள். இப்போது பெற்ற இரண்டும் தங்கின.

சொன்னதைக் கேட்ட தலைமுறை

இதோடு அரசின் பிரசாரமும் சேர்ந்தது. சுவரெல்லாம் குடும்பக் கட்டுப்பாட்டின் சிவப்பு முக்கோணம். பெரியார் 1930களிலேயே பேசிய கருத்தடை, அறுபது எழுபதுகளில் அரசின் கொள்கையாகவே கிராமத்துக்கு வந்தது. ‘நாம் இருவர், நமக்கு இருவர்’ என்பதைப் பாடம் போலச் சொன்ன தலைமுறை வளர்ந்தது. இரண்டாவது பிரசவம் முடிந்த கையோடு அரசு ஆஸ்பத்திரிக் கட்டிலிலேயே ஆபரேஷன் செய்துகொள்வது எங்கள் பக்கத்தில் சடங்கு போலவே ஆனது. ஆண்கள் அநேகமாக ஒதுங்கிக்கொண்டார்கள். கத்தி பெண் உடம்பில்தான் பட்டது.

1992இல் தொடங்கிய பெண் குழந்தைப் பாதுகாப்புத் திட்டத்தின் நிபந்தனைகளைப் படித்தால் அரசின் மனம் தெளிவாகத் தெரியும். பெண் குழந்தையின் பெயரில் அரசு வைப்புத்தொகை போடும். பிற்காலத்தில் ஒரே பெண் என்றால் 50,000 ரூபாய், இரண்டு பெண் என்றால் ஆளுக்கு 25,000. ஆனால் பெற்றோரில் ஒருவர் குடும்பக் கட்டுப்பாடு செய்திருக்க வேண்டும். வீட்டில் ஆண் பிள்ளை இருக்கக் கூடாது. பெண் சிசுக்கொலையைத் தடுக்க வந்த நல்ல திட்டம் அது. அதில் கையெழுத்துப் போட்ட ஒவ்வொரு தாயும், ‘மகன் வேண்டாம், என் முதுமையை நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்று அரசை நம்பிப் போட்டார்.

விளைவு எண்களில் இருக்கிறது. 1971இல் தமிழ்நாட்டில் ஒரு பெண் தன் வாழ்நாளில் சராசரியாக 3.9 குழந்தை பெற்றார். 1992-93இல் அது 2.5. மக்கள்தொகை குறையாமலிருக்க 2.1 வேண்டும். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் அளவு 1.8, பிறப்பு, இறப்புக்கான மாதிரிப் பதிவு முறையின் 2020 அறிக்கையில் 1.4. ஐரோப்பிய நாடுகள் பல தலைமுறைகளாக நடந்து வந்த தூரத்தை நாம் முப்பது நாற்பது ஆண்டுகளில் ஓடிக் கடந்தோம்.

ஒரு சின்னக் கூட்டல் கணக்குப் போட்டுப் பாருங்கள். 1992இல் 25 வயதில் ஆபரேஷன் செய்துகொண்ட பெண்ணுக்கு 2027இல் 60 வயது. ஆக, ‘இரண்டு போதும்’ என்று நின்ற தலைமுறை முதுமையின் வாசலுக்கு இப்போதுதான் வந்துகொண்டிருக்கிறது. இதுவரை ஓ.ஏ.பி. வரிசையில் நின்ற பாட்டிகளுக்கு நான்கு, ஐந்து பிள்ளைகள் இருந்தார்கள். இனி வரப்போகிறவர்களுக்கு ஒன்றோ இரண்டோதான். அவர்களும் சென்னையிலோ ஓசூரிலோ துபாயிலோ இருப்பார்கள். தமிழ்நாட்டில் அறுபது தாண்டியவர்கள் 2011இல் நூற்றுக்குப் பத்துப் பேர். 2031இல் 18 பேராக இருப்பார்கள் என்பது அரசின் மதிப்பீடு.

இருபது ரூபாயில் தொடங்கியது

முதியோர் உதவித்தொகை தமிழ்நாட்டில் 1962 ஏப்ரல் 1 அன்று தொடங்கியது. மாதம் 20 ரூபாய். அப்போது முதலமைச்சர் காமராசர். பத்தாண்டுக்கு முன், 1952இல், இதே ஸ்ரீவில்லிபுத்தூர் தொகுதி அவரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பியிருந்தது. ஏழை நாட்டின் ஏழை மாநிலம், வயதானவர்களைத் தெருவில் விடக் கூடாது என்று எடுத்த முடிவு அது. ஒன்றிய அரசு அந்த வேலையைத் தொடங்க 1995 ஆகஸ்ட் 15 வரை ஆனது.

ஆனால் அந்தத் திட்டத்துக்குள் ஒரு சுருக்கு இருந்தது. பணம் ‘ஆதரவற்றோருக்கு’ மட்டும். காப்பாற்றும் வயதில் மகனோ பேரனோ இல்லாதவர் என்பதே அந்தச் சொல்லுக்கு நெடுங்காலம் பொருளாக இருந்தது. கிராம நிர்வாக அலுவலர் விசாரணைக்கு வந்து கேட்கும் முதல் கேள்வி, “மகன் இருக்கானாம்மா?” மகன் இருந்தால் மனு தள்ளுபடி. அவன் சோறு போடுகிறானா என்பது அடுத்த கேள்வியாகக்கூட வராது. பணம் கிடைக்க வேண்டும் என்பதற்காக, உயிரோடு இருக்கும் மகனை இல்லை என்று சொல்லிவிட்டுக் கண் கலங்கிய தாய்மார்களை எங்கள் ஊரில் நான் பார்த்திருக்கிறேன்.

பென்ஷன் திட்டம் இப்படிப் பேசும்போது அது மக்களுக்குச் சொல்லும் செய்தி என்ன? உன் முதுமைக்கு முதல் பொறுப்பாளி உன் மகன்; அவன் இல்லாவிட்டால்தான் நாங்கள். ஆண் பிள்ளை வேண்டும் என்ற ஏக்கத்துக்கு இதைவிட உரம் என்ன வேண்டும்? “கொள்ளி வைக்க ஒருத்தன் வேணும், கடைசியில கஞ்சி ஊத்த ஒருத்தன் வேணும்” என்ற பேச்சை ஒரு பக்கம் பிரசாரத்தால் அழித்துக்கொண்டே, மறுபக்கம் விண்ணப்பப் படிவத்தால் வளர்த்தோம்.

சரியான பென்ஷன் இந்த ஏக்கத்தைத் தணிக்கும் என்பதற்குச் சான்று இருக்கிறது. சீனாவில் கிராமப்புற ஓய்வூதியத் திட்டம் கிடைத்த பகுதிகளில் ஆண் குழந்தைக்கான சாய்வு குறைந்திருந்ததை எபென்ஸ்டைன், லியுங் என்ற இரு ஆய்வாளர்கள் 2010இல் காட்டினார்கள். நமீபியா 1990இல் விடுதலை பெற்ற பிறகு, வெள்ளையருக்குப் பெரிய தொகை, கறுப்பருக்குச் சிறிய தொகை என்றிருந்த முதியோர் பென்ஷனை எல்லோருக்கும் சமமாக்கியது. அதன் பிறகு கறுப்பினப் பெண்களிடையே பிறப்பு விகிதம் கணிசமாகக் குறைந்ததைப் பாலின் ரோஸி, மத்தில்த் கோடார் இருவரின் ஆய்வு காட்டுகிறது. பிஸ்மார்க் 1889இல் கொண்டுவந்த ஜெர்மன் முதியோர் காப்பீட்டிலும் அப்படியே: காப்பீடு அதிகம் பரவிய பகுதிகளில் பிறப்பு வேகமாகக் குறைந்திருக்கிறது. வயதான காலத்தில் அரசு கைவிடாது என்ற நம்பிக்கை வந்த இடத்தில், பிள்ளையைக் காப்பீடாக நினைக்கும் தேவை குறைந்தது.

தமிழ்நாட்டில் அந்த நம்பிக்கைக்கு முன்பே குடும்பம் சுருங்கிவிட்டது. படித்த பெண்கள், பிழைத்த குழந்தைகள், ஆபரேஷன் வசதி, பள்ளிச் செலவு எல்லாம் சேர்ந்து சுருக்கின. ஜெர்மானியத் தாய் பிள்ளையைக் குறைத்தபோது அவர் கையில் காப்பீட்டு அட்டை இருந்தது. நம் தாய் குறைத்தபோது அவர் கையில் ஒன்றும் இல்லை.

பிள்ளை என்ற காப்பீடு பொய்த்தபோது

பழைய காலம் பொற்காலம் என்று யாரும் சொல்ல வேண்டாம். நிறையப் பிள்ளை பெற்றவர்கள் எல்லோரும் நிம்மதியாகக் கண் மூடவில்லை. 2010இல் விருதுநகர் மாவட்டத்தின் பெயர் நாடெங்கும் செய்தியில் வந்தது, ‘தலைக்கூத்தல்’ என்ற ஒரு சொல்லோடு. படுக்கையில் கிடக்கும் முதியவருக்கு விடியற்காலையில் உடம்பெல்லாம் எண்ணெய் தேய்த்துக் குளிரக் குளிரத் தண்ணீர் ஊற்றி, இளநீர் கொடுத்து, சில நாளில் முடித்துவிடுவது. ஊருக்குத் தெரியும், உறவுக்குத் தெரியும், யாரும் பேச மாட்டார்கள்.

அதைச் செய்தவர்களை அரக்கர்கள் என்று ஒதுக்கிவிடுவது சுலபம். அந்த வீடுகளின் கணக்கையும் பார்க்க வேண்டும். அன்றாடக் கூலிக்குப் போனால்தான் சோறு. படுக்கையில் கிடப்பவரைப் பார்க்க ஒருவர் வீட்டில் இருந்தால் ஒரு கூலி போச்சு. மருந்துக்குக் கடன். அரசிடமிருந்து வந்தது சில நூறு ரூபாய். இது அந்தக் கொலைக்கு நியாயம் ஆகாது. ஆனால் முதுமை முழுவதையும் ஒரு ஏழைக் குடும்பத்தின் தலையில் மட்டும் சுமத்தினால் அது எங்கே போய் முடியும் என்பதற்கு எங்கள் மாவட்டமே சாட்சி. நான்கு பிள்ளை இருந்த காலத்திலேயே இப்படி என்றால், ஒற்றைப் பிள்ளைக் காலத்தில் அந்தப் பாரம் எவ்வளவு கூடும்?

2007இல் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் வந்தது. கோட்டாட்சியர் அலுவலகத்தில் மனு கொடுத்தால், மாதம் 10,000 ரூபாய்வரை பராமரிப்புத் தொகை தரும்படி மகனுக்கோ மகளுக்கோ உத்தரவிடலாம். பார்த்துக்கொள்வதாகச் சொல்லி எழுதி வாங்கிய தான செட்டில்மெண்ட் பத்திரத்தையும், பார்த்துக்கொள்ளாவிட்டால் ரத்து செய்யலாம். நல்ல சட்டம். ஆனால் இதில் பலன் பெறுபவர், எழுதிக் கொடுக்க வீடு வைத்திருந்தவர். விசைத்தறிக்காரர் எதை எழுதிக் கொடுத்தார், ரத்து செய்வதற்கு? திருப்பூரில் பனியன் கம்பெனி ஷிப்டில் நிற்கும் மகனிடமிருந்து எந்த உத்தரவு பத்தாயிரம் வாங்கித் தரும்?

பதினாறும் பெற்று...

இந்த நிலையில்தான் ‘அதிகம் பெறுங்கள்’ என்ற குரல்கள் கேட்கின்றன. 2024 அக்டோபரில் ஆந்திர முதல்வர் சந்திரபாபு நாயுடு அப்படிச் சொன்னார். அதே மாதம் சென்னையில் நடந்த ஒரு திருமண விழாவில், தொகுதி மறுவரையறையைச் சுட்டிக்காட்டி, பதினாறு பிள்ளை பெறலாமே என்று நினைக்க வேண்டியிருக்கிறது எனத் தமிழக முதல்வர் ஸ்டாலின் பேசினார். குறைவாகப் பெற்றதற்குத் தண்டனையாக நாடாளுமன்ற இடங்கள் குறையக் கூடாது என்ற கோரிக்கை நியாயமானது. ஆனால் அதற்கான பதில் பிரசவ வார்டில் இல்லை.

சிங்கப்பூரைப் பாருங்கள். 1972இல் ‘இரண்டோடு நிறுத்துங்கள்’ என்றது அந்த அரசு. 1987இல், வசதி இருந்தால் மூன்றோ அதற்கு மேலோ பெறுங்கள் என்று திருப்பிச் சொன்னது. சலுகை, வரிக் கழிவு, ரொக்கம் எல்லாம் கொடுத்தது. 2023இல் அங்கே ஒரு பெண்ணுக்கு 0.97 குழந்தை. ஒருமுறை சுருங்கிய குடும்பம் அரசு கூப்பிட்டதும் விரிந்துவிடாது.

பென்ஷனைக் குறைத்தால் பிள்ளை பெறுவார்களா? இத்தாலியில் 1990களில் பென்ஷனைக் குறைத்தபோது, குறைப்பால் பாதிக்கப்பட்டவர்கள் சற்றே கூடுதலாகக் குழந்தை பெற்றார்கள் என்று பில்லாரி, கலாசோ இருவரின் ஆய்வு சொல்கிறது. தமிழ்நாட்டில் 2003 ஏப்ரல் 1 முதல் அரசுப் பணியில் சேர்ந்தவர்களுக்குப் பழைய ஓய்வூதியம் போய்ப் பங்களிப்பு ஓய்வூதியம் வந்தது. சம்பளத்தில் நூற்றுக்குப் பத்து ஊழியர் போட, அதே அளவு அரசும் போட்டது. கடைசியில் கையில் எவ்வளவு வரும் என்ற உறுதி அதில் இருக்கவில்லை. அதற்காக ராஜபாளையத்து ஆசிரியத் தம்பதி மூன்றாவது பிள்ளை பெற்றார்களா? அக்கம்பக்கம் பாருங்கள். அவர்கள் செய்தது வேறு: இருக்கும் ஒரு பிள்ளையை எப்படியாவது டாக்டராக்கிவிட வேண்டும் என்று கடன் வாங்கினார்கள், மனை வாங்கிப் போட்டார்கள், நகைச் சீட்டுக் கட்டினார்கள். முதுமைப் பயம் இன்று கூடுதல் தொட்டிலாக மாறுவதில்லை. அந்த ஒற்றைப் பிள்ளையின் தோள்மேல் சுமையாக ஏறுகிறது. கல்யாணத்தைத் தள்ளிப்போடும், முதல் குழந்தைக்கே தயங்கும் இளைஞர்களிடம் கேளுங்கள்: அம்மா அப்பா மருந்துச் செலவு, ஸ்கூல் பீஸ், வீட்டு வாடகை என்று ஒரே மூச்சில் அடுக்குவார்கள். பெற்றோருக்கு நல்ல பென்ஷன் இருந்தால் அந்த வரிசையில் முதல் வரி அழியும். இன்றைய தமிழ்நாட்டில் நல்ல முதியோர் பென்ஷன், இளந்தம்பதிக்குச் செய்யும் உதவியும்கூட.

செய்ய வேண்டியது

ஸ்ரீவில்லிபுத்தூர் உலகுக்குச் சொன்ன பெரிய கதை ஒன்று உண்டு. துளசிச் செடியின் அடியில் கிடைத்த ஒரு பெண் குழந்தையை எடுத்து வளர்த்தார் பெரியாழ்வார். மகன் இல்லை, ஒரே மகள், அவளும் பெற்ற மகள் இல்லை. எந்தப் பிரதிபலனும் பாராமல் வளர்த்த அந்தப் பாசத்தைத்தான் இந்த ஊர் ஆண்டுதோறும் தேர் இழுத்துக் கொண்டாடுகிறது. பிள்ளையைப் பாசத்துக்காக மட்டும் வளர்க்கும் பேறு எல்லாப் பெற்றோருக்கும் கிடைக்க வேண்டும் என்றால், கஞ்சிக்கான பொறுப்பை வேறு யாராவது ஏற்க வேண்டும். அது அரசுதான்.

முதலாவது, ‘மகன் இருக்கிறானா’ என்ற கேள்வி எந்த வடிவத்திலும் விசாரணையில் வரக் கூடாது. சொத்தும் நிலையான வருமானமும் இல்லாத ஒவ்வொரு முதியவருக்கும் அது உரிமை.

இரண்டாவது, தொகை. ஒன்றிய அரசு 60 முதல் 79 வயதுவரை உள்ளவருக்குத் தரும் பங்கு 200 ரூபாய். 2007லிருந்து அதில் ஒரு ரூபாய் ஏறவில்லை. 80 தாண்டினால் 500. அதுவும் 2011லிருந்து அப்படியே. இது வெட்கப்பட வேண்டிய தொகை. ஆந்திரம் 2024 ஜூலையிலிருந்து முதியோருக்கு 4,000 ரூபாய் தருகிறது. குடும்பக் கட்டுப்பாட்டில் நாட்டுக்கே முன்னோடி என்று பெருமைப்படும் தமிழ்நாடு, முதியோர் பென்ஷனில் பின்தங்கலாமா? எவ்வளவு கொடுத்தாலும் விலைவாசியோடு சேர்ந்து ஏறும்படி கொடுக்க வேண்டும். ஆசிரியருக்கு நியாயமான அகவிலைப்படி சித்தாளுக்கும் நியாயம்தான். மில் தொழிலாளியின் 1,000 ரூபாய்க் குறைந்தபட்சத்துக்கும் இதுவே பொருந்தும்.

மூன்றாவது, பெண்கள். பிள்ளை வளர்க்க வேலையை விட்ட பெண்ணுக்குப் பி.எஃப். ஆண்டுகள் போதாமல் பென்ஷன் நழுவுகிறது. ஜெர்மனியில் 1992 முதல் பிறந்த ஒவ்வொரு குழந்தைக்கும், வளர்ப்புக் காலம் என்று மூன்றாண்டுகள் பெற்றோரின் ஓய்வூதியக் கணக்கில் சேர்கின்றன. மில்லில் பத்தாண்டு நிறையாமல் கல்யாணத்துக்கும் பிரசவத்துக்கும் வெளியேறும் நம் பெண்களுக்கு இப்படி ஒரு விதி வந்தால், ஆயிரக்கணக்கான கைகளில் பென்ஷன் புத்தகம் இருக்கும்.

நான்காவது, மிகச் சிறியது, இன்றைக்கே செய்யக்கூடியது. ரேகை தேய்ந்த விரலுக்கு மாற்று வழி இருக்கட்டும். உழைத்துத் தேய்ந்த கையைக் காரணம் காட்டி எந்தத் தாயையும் மூன்று தடவை விரல் மாற்றி வைக்கச் சொல்லக் கூடாது.

இதற்கெல்லாம் பணம் எங்கே என்று கேட்பார்கள். முப்பது ஆண்டுகளுக்கு முன்பு இந்தப் பெண்கள் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. நாட்டுக்கு நல்லது என்று அரசு சொன்னது; அவர்கள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் போய்ப் படுத்தார்கள். குறைவான பிள்ளைகள், படித்த பிள்ளைகள், உயர்ந்த வருமானம் என்று தமிழ்நாடு இன்று பெருமைப்படும் வளர்ச்சியில் பாதி அவர்கள் உடம்பிலிருந்து வந்தது. அந்தத் தலைமுறை தன் பங்கை முழுதாகச் செலுத்திவிட்டது. பாக்கி அரசிடம்தான் இருக்கிறது. அவர்கள் உயிரோடு இருக்கும்போதே அதைக் கொடுத்துவிட வேண்டும்.